டர்பனில் கினிப்பன்றி வளர்ப்போர் கவனத்திற்கு: பெயர் ஒட்டாத மருந்துப் புட்டியை வாங்கி வராதீர்கள்

கடந்த ஜூலை மாதம் டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் உள்ள எங்கள் வீட்டில் ஒரு கினிப்பன்றி இறந்துபோனது. சுவாசத் தொற்றுக்காக மருத்துவரிடம் கொண்டுபோன ஏழாம் நாள் அது இறந்தது. நோயைவிட, நோய்க்கென்று கொடுக்கப்பட்ட மருந்தே அதைக் கொன்றிருக்கக்கூடும் என்பதை நான் அறிந்துகொண்டபோது காலம் கடந்திருந்தது. அந்த மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நடந்ததை மட்டும் வரிசையாக எழுதுகிறேன்.

எங்களிடம் மிளகு என்ற இரண்டு வயதுக் கினிப்பன்றி ஏற்கெனவே இருந்தது. அதற்குத் துணையாக இருக்கட்டும் என்று மகள் கேட்டதனால், வணிக வளாகத்திலிருந்த செல்லப்பிராணிக் கடையொன்றில் சில மாதங்களே ஆன இன்னொரு கினிப்பன்றியை வாங்கி வந்து, கருப்பட்டி என்று பெயர் வைத்தோம். அந்தக் கடையில் முயல்களும் கினிப்பன்றிகளும் ஒரே அடைப்பில் இருந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் போர்டெடெல்லா என்னும் பாக்டீரியா முயலின் மூக்கிலும் நாயின் மூக்கிலும் எந்த அறிகுறியும் காட்டாமல் தங்கியிருக்கும் என்பதும், அதுவே கினிப்பன்றிக்குத் தொற்றினால் நுரையீரல் அழற்சியாக மாறக்கூடும் என்பதும் எனக்கு அன்று தெரியாது. புதிதாக வந்த விலங்கை இரண்டு மூன்று வாரம் தனி அறையில் வைத்திருக்க வேண்டும். அதையும் நான் செய்யவில்லை.

ஒரு திங்கட்கிழமை கருப்பட்டி இரண்டு மூன்று முறை தும்மியது. உலர்புல்லின் தூசியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். புதன்கிழமை மூக்கோரம் பொருக்குத் தட்டியிருந்தது, கண்ணோரம் ஈரம் காய்ந்து ஒட்டியிருந்தது, மூச்சுக்கு மூச்சு விலாப்புறம் உள்வாங்கியது. குடைமிளகாய்த் துண்டை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பக்கத்து வீட்டு ஆயா, "சளிதானேம்மா, ஓமம் வேகவெச்சு ஆவி காட்டு" என்றார். நான் ஆவியும் காட்டவில்லை, மருத்துவரிடமும் போகவில்லை. வெள்ளிக்கிழமை வரை காத்திருந்தேன். அது முழுக்க என் பிழை. பிற விலங்குகளுக்கு இரையாகும் பிராணி என்பதனால் கினிப்பன்றி தன் நோயை இயன்றவரை மறைக்கும்; நம் கண்ணுக்குத் தெரியும் வேளையில் நோய் முற்றியிருக்கும். அது மூக்கால் மட்டுமே மூச்சு விடும் பிராணி என்பதனால், மூக்கடைப்பு என்பது நமக்கு வருவதைப் போன்ற சிறு தொல்லையன்று.

வெள்ளிக்கிழமை மாலை நாங்கள் போன இடத்தில் அதைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கவேயில்லை. எடை பார்க்கவில்லை, நெஞ்சில் கருவி வைத்துக் கேட்கவில்லை. மருத்துவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, பாக்டீரியாத் தொற்று என்றும், நாய்க்குட்டிகளுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாட்டிக்கையே அளவு குறைத்துத் தருவதாகவும் சொன்னார். மருந்தின் பெயரைக் கேட்டதற்கு, "ஆன்டிபயாட்டிக்தான், கவலை வேண்டாம்" என்பதே பதில். வரவேற்பு மேசையில் சிறிய பழுப்புப் புட்டி ஒன்றைக் கொடுத்தார்கள். அதன்மேல் கருப்பட்டியின் பெயரும், ஒரு நாளைக்கு இரண்டு வேளை என்ற குறிப்பும் இருந்தன. மருந்தின் பெயர் இல்லை. மருத்துவர் கட்டணமும் மருந்துமாக 740 ராண்டு செலுத்தினேன். ரசீதிலும் 'மருந்து' என்று மட்டுமே போட்டிருந்தார்கள்.

முதல் இரண்டு நாட்கள் மூச்சு சற்றுச் சீரானதைப் போலத் தோன்றியது. செவ்வாய்க்கிழமை காலையில் கூண்டின் விரிப்பு முழுவதும் நீராகக் கழிந்திருந்தது. அன்று அது எதையும் வாயில் வைக்கவில்லை. தொலைபேசியில் கேட்டபோது வரவேற்பாளர், ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் வயிறு இளகுவது வழக்கம் என்றும், பாதியில் நிறுத்தக்கூடாது என்றும் கூறினார். மருத்துவரிடம் பேச வேண்டும் என்று மூன்று முறை கேட்டும் இணைப்புக் கொடுக்கவில்லை. அவர் சொன்னபடி நானும் நிறுத்தாமல் கொடுத்தேன். வியாழக்கிழமை விடியற்காலையில் கருப்பட்டி மகளின் துண்டுக்குள் சுருண்டபடி இறந்துகிடந்தது.

மருந்தின் பெயரை எழுத்து மூலம் கேட்ட பிறகே சொன்னார்கள்: அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த வாய்வழி மருந்து. மனிதக் குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் அன்றாடம் கொடுக்கப்படும் இந்தப் பென்சிலின் வகை மருந்து, கினிப்பன்றியின் வாயில் போனால் நஞ்சாக முடியலாம். அது உண்ணும் புல் பெருமளவு பெருங்குடலின் தொடக்கத்திலுள்ள பெரிய பையில் பாக்டீரியாக்களால் நொதிக்க வைக்கப்பட்டே செரிக்கிறது. பென்சிலின் வகை மருந்துகள் அந்த நல்ல பாக்டீரியாக்களை அழித்துவிட, அந்த இடத்தில் குளோஸ்டிரிடியம் டிஃபிசிலி போன்ற தீய பாக்டீரியாக்கள் பெருகி நச்சை உமிழ்கின்றன. வயிற்றுப்போக்கு, உண்ணாமை, உடல் குளிர்தல், மரணம் என்று சில நாட்களிலேயே எல்லாம் முடிந்துவிடும். ஆம்பிசிலின், கிளிண்டமைசின், எரித்ரோமைசின் ஆகிய ஆன்டிபயாட்டிக்குகளும் கினிப்பன்றிக்கு இதே கேட்டைச் செய்யக்கூடியவை. இது ஆராய்ச்சிக்கூடத்து ரகசியமன்று. சிறு விலங்கு மருத்துவ நூல்களில் வழக்கமாகக் காணப்படும் எச்சரிக்கை. கருப்பட்டி நுரையீரல் அழற்சியால்தான் இறந்தது என்று அவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அது முற்றிலும் இயலாததன்று. ஆனால் மூச்சு தேறி வந்த பிராணிக்கு ஐந்தாம் நாள் பேதி ஏன் கண்டது என்பதற்கு அவர்களிடம் விடையில்லை.

அந்த வார இறுதியிலேயே மிளகும் தும்மத் தொடங்கியது. இம்முறை முயல், கினிப்பன்றி, பறவை போன்றவற்றைப் பார்த்துப் பழகிய வேறொரு மருத்துவரைத் தேடிப் போனோம். அவர் முதலில் செய்தது எடை பார்த்ததுதான்: 940 கிராம். பிறகு நெஞ்சொலி கேட்டு, எக்ஸ்ரே எடுத்து, என்ரோஃப்ளாக்சசின் என்னும் வேறு வகை ஆன்டிபயாட்டிக்கை, அதன் பெயரைப் புட்டியின்மேல் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரத்திற்கு ஒரு வேளைகூடத் தவறக்கூடாது என்றார். எல்லாமாக 1,900 ராண்டுக்குமேல் ஆனது. அதில் எனக்கு வருத்தமில்லை.

வீட்டுப் பராமரிப்பு மருந்தைவிடக் கடினமானது. தினமும் அதே நேரத்தில் சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்தோம். 50 கிராம் குறைந்தால் உடனே வரச் சொல்லியிருந்தார். மிளகு உண்ணாத நாட்களில் உலர்புல் தூளைக் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சினால் வாயின் பக்கவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினோம். மல்லாத்திப் பிடித்து ஊட்டினால் உணவு நுரையீரலுக்குள் போய்விடும். நம்மைப் போலவே கினிப்பன்றியின் உடலும் வைட்டமின் சி-யைத் தானே உண்டாக்காது என்பதனால், நோய்க்காலத்தில் தினமும் 50 மில்லிகிராம் கொடுக்கச் சொன்னார். தண்ணீரில் கலக்கும் சொட்டு மருந்தைக் கடையில் விற்கிறார்கள். தண்ணீரில் அதன் வீரியம் விரைவில் கெட்டுப்போவதால் அது வீண்செலவு. ஆயாவின் மரத்தில் அப்போது கொய்யா பழுத்திருந்தது. மிளகு முதன்முதலில் தானாகக் கடித்தது அந்தக் கொய்யாத் துண்டைத்தான். ஓமத்தில் தோற்ற ஆயா கொய்யாவில் வென்றுவிட்டார் என்று மகள் சொன்னாள். இரவில் குளிர்காற்று படாத அறையில் கூண்டை வைத்து, சிறுநீர் நெடி நுரையீரலை எரிக்காதபடி விரிப்பைத் தினமும் மாற்றினோம். மிளகு இப்போது 965 கிராம் இருக்கிறது.

கால்நடை மருத்துவர்களைப் பதிவு செய்து நெறிப்படுத்துவது, 1982ஆம் ஆண்டின் 19ஆம் எண் சட்டத்தின் கீழ் இயங்கும் தென்னாப்பிரிக்கக் கால்நடை மருத்துவ மன்றம். ரசீது, புட்டியின் புகைப்படம், மருந்தின் பெயரைக் குறிப்பிட்டு அவர்கள் அனுப்பிய மின்னஞ்சல், தொலைபேசி அழைப்புகளின் நேரம் ஆகியவற்றை இணைத்து அந்த மன்றத்திற்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். அந்த மின்னஞ்சல் கையில் இல்லாவிட்டால் புகாரில் எழுதவே எனக்கு ஒன்றும் இருந்திருக்காது. புகார் போனபின் மருத்துவமனையிலிருந்து ஒருவர் அழைத்து, இதைப்பற்றி வெளியில் பேசாமலிருந்தால் 740 ராண்டையும் திருப்பித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்; பாதி மருந்து மிச்சமிருக்கும் அந்தப் புட்டி இன்னும் எங்கள் குளிர்சாதனப் பெட்டியில்தான் இருக்கிறது.