ரெடார்க் 25 ஆம்ப் சார்ஜர்: ஏழு மாதம் கேம்பரோடு இழுத்துப் பார்த்த பின்

போன ஜனவரியில் கிராம்பியன்ஸ் மலையடிவாரத்தில் இறங்கி, கேம்பர் ட்ரெய்லரின் ஃபிரிட்ஜைத் திறந்த என் மனைவி கேட்டாள்: "ஏங்க, மாவு ஏன் இப்படிப் பொங்கி வழியுது?" மூன்று நாளைக்கென்று அரைத்துக் கொண்டுபோன இட்லி மாவு, டப்பா மூடியைத் தள்ளிவிட்டு வெளியே வந்திருந்தது. மெல்போர்னுக்கு மேற்கே டார்னீட்டிலிருந்து ஹால்ஸ் கேப் வரை மூன்று மணி நேரம் யூட் (பின்னால் சரக்குத் தட்டு உள்ள எங்கள் வண்டி) ஓடியிருக்கிறது. ட்ரெய்லர் பேட்டரிக்கு யூட்டிலிருந்து ஒயரும் போட்டிருந்தது. ஆனாலும் பேட்டரி காலி.

அந்த ஒயரை ஒரு கடையில் போட்டுக்கொடுத்தார்கள். யூட் பேட்டரியிலிருந்து நேராக ட்ரெய்லர் பேட்டரிக்கு, நடுவில் ஒரு பியூஸ், அவ்வளவுதான். பழைய வண்டிக்கும் பழைய ஈய பேட்டரிக்கும் அது ஓரளவு போதும். என்னுடையது 100 ஆம்பியர்-ஹவர் கொள்ளளவுள்ள லித்தியம். அது முழுதாக நிரம்ப 14.2 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். இப்போது வரும் வண்டிகளின் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டரோ (இஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் கருவி), தன் பேட்டரி நிரம்பியதும் டீசலை மிச்சம் பிடிக்க வோல்டேஜை 12.5 பக்கம் இறக்கிவிடும். லித்தியம் பாதி காலியானாலும் 13 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். பள்ளத்திலிருந்து மேட்டுக்குத் தண்ணீர் ஏறுமா? சார்ஜ் ஏறுகிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்க, ட்ரெய்லர் பேட்டரிதான் யூட்டுக்குச் சோறு போட்டுக்கொண்டு வந்திருக்கிறது.

அதன்பின் வாங்கியதுதான் ரெடார்க் பிசிடிசி1225டி, யூட் பேட்டரிக்கும் ட்ரெய்லர் பேட்டரிக்கும் நடுவில் உட்காரும் சார்ஜர். அடிலெய்டுக்குத் தெற்கே லான்ஸ்டேலில் செய்கிறார்கள். நானூறு டாலருக்கு மேல் ஆனது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய அலுமினியக் கட்டி, மின்விசிறி கிடையாது. வேலை செய்யும்போது நன்றாகச் சூடாகும், அதனால் துணிமூட்டைகளுக்கு நடுவே பொருத்தாதீர்கள். ஆல்டர்னேட்டர் என்ன கொடுத்தாலும் அதை ஏற்றியோ இறக்கியோ, பேட்டரிக்கு வேண்டிய வோல்டேஜில் 25 ஆம்ப் வரை தள்ளும். ஆரஞ்சு ஒயரை எதோடு இணைக்கிறோமோ அதைப் பொறுத்து ஈயமா லித்தியமா என்று புரிந்துகொள்ளும். நீல ஒயர் முக்கியம்: ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் வண்டியானால் அதை இக்னிஷனோடு இணைக்க வேண்டும். திரை கிடையாது, சின்னச் சின்ன விளக்குகள்தான். எண் பார்த்தே தீரவேண்டும் என்கிற என் போன்ற ஆளுக்கு பேட்டரியின் ப்ளூடூத் செயலி கைகொடுக்கிறது.

பெட்டி வந்த குஷியில் பழைய ஒயரிலேயே மாட்டிவிட்டேன். இஞ்சினை ஓடவிட்டு சார்ஜரின் வாயில் மல்டிமீட்டர் வைத்தால் 11 வோல்ட். யூட் பேட்டரியில் 13.4. நடுவில் 2.4 வோல்ட்டை ஒயர் தின்றுவிட்டது! தொட்டால் கதகதப்பாக வேறு இருந்தது. இந்த வகை சார்ஜரில் இன்னொரு சங்கடம், உள்ளே வரும் வோல்டேஜ் குறையக் குறைய அதே வேலைக்கு அதிக ஆம்ப் இழுக்கும். ஆம்ப் கூடக்கூட ஒயரில் இழப்பும் கூடும்.

இங்கே ஒரு ஏமாற்றம் இருக்கிறது, நம்மூர்க்காரர்கள் கண்டிப்பாக விழுவோம். ஊரில் வீட்டுக்கு ஒயர் வாங்கும்போது 4 ஸ்கொயர் என்றால் உள்ளே இருக்கும் செம்பு 4 சதுர மில்லிமீட்டர். ஆஸ்திரேலியாவில் ஆட்டோ கேபிளில் "6 மி.மீ." என்றால் மேலுறையும் சேர்த்த தடிமன். செம்பு நாலரை சதுர மில்லிமீட்டர்தான் தேறும். பானட்டிலிருந்து ட்ரெய்லர் பெட்டி வரை பத்து மீட்டர், போக வர இருபது. 30 ஆம்ப்புக்கு இது எப்படித் தாங்கும்?

6 பி அண்ட் எஸ் (இது செம்பை வைத்துச் சொல்லும் வேறு அளவுமுறை) கேபிள் வாங்கினேன், 13.5 சதுர மில்லிமீட்டர் செம்பு. எர்த்துக்கும் அதே கேபிளைக் கடைசிவரை தனியாக இழுத்தேன், சேஸியையோ இழுவைக் கொக்கியையோ நம்பவில்லை. இரண்டு பேட்டரிப் பக்கமும் 40 ஆம்ப் பியூஸ், நடுவில், யூட்டையும் ட்ரெய்லரையும் கழற்றி மாட்ட சாம்பல் நிற ஆண்டர்சன் பிளக். சார்ஜர் ட்ரெய்லர் பேட்டரிக்கு ஓரடி தள்ளி. ஒரு சனிக்கிழமை முழுக்க யூட்டுக்கு அடியில் படுத்துக் கிடந்தேன். இப்போது சார்ஜரின் வாயில் 12.6.

ஈஸ்டரில் அதே சாலை. வேண்டுமென்றே 40 சதவீதத்தில் கிளம்பினேன். பல்லாரட் தாண்டி அராரட்டில் காப்பிக்கு நிறுத்தும்போது, ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருந்தும் 90.

ஆனால் இது ஓடும்போதுதான் உதவும். முகாமிலிருந்து கடைக்கு இருபது நிமிடம் இழுத்துப்போனால் எட்டு ஆம்பியர்-ஹவர் கிடைத்தால் அதிகம். நாலு நாள் ஒரே இடத்தில் கிடப்பவர்களுக்கு சோலார் தேவை. அதற்கும் இதே பெட்டியில் வழி உண்டு, மஞ்சள் ஒயரில் 12 வோல்ட் பேனலைக் கொடுத்தால் முதலில் வெயிலை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வண்டியிடம் கேட்கும். மடக்குப் பேனலை வைத்து மூன்று நாள் பிளக்கே போடாமல் ஓட்டினோம். வாரத்துக்கு ஒரு நாள் பக்கத்துப் பூங்காவரை போகிறவர் இதை வாங்க வேண்டியதில்லை, வீட்டில் சுவர்ப் பிளக்கில் சார்ஜ் செய்துகொண்டு போகலாம்.

யூட் பக்கத்து ஆண்டர்சன் பிளக்குக்கு ரப்பர் மூடி வாங்க மறந்துவிட்டேன். மண் ரோட்டில் போய்வந்ததும் உள்ளே ஒரே செம்மண். பல்தேய்க்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்துகொண்டிருக்கிறேன்.