கெட்டிப் பெட்டியா, வளையும் வட்டமா? நிலத்தடிக் கட்டுமானமும் நிலநடுக்கமும்

தரைக்கு மேலே நிற்கும் கட்டடத்தைப் பார்த்துப் பழகிய கண்ணோடு சுரங்கத்தைப் பார்த்தால் கணக்கு தப்பிவிடும். நிலம் நடுங்கும்போது கட்டடத்துக்கு அதன் எடையே எதிரி. சுரங்கத்தையோ சுற்றிலும் மண் இறுக்கிப் பிடித்திருக்கிறது, மண் நெளிகிற அளவுக்கு அதுவும் நெளிந்தாக வேண்டும். அதனால் கீழே விசையைவிட உருமாற்றம்தான் முதல் கணக்கு.

களத்தில் இரண்டு பேர். ஒன்று, பள்ளம் தோண்டிக் கட்டி மேலே மண் மூடும் கான்கிரீட் பெட்டி. இன்னொன்று, இயந்திரம் குடைந்த வட்டச் சுரங்கம், உள்ளே போல்ட்டும் தண்ணீர் கசியாமல் அடைக்கும் ரப்பர் கேஸ்கெட்டும் போட்டு இணைத்த கான்கிரீட் செக்மென்ட்கள், அதாவது வளைந்த துண்டுகள்.

முதலில் நீளவாக்கில் பார்ப்போம், தரையை ஒட்டி ஓடும் மேற்பரப்பு அலைகள் வம்பு செய்வது பெரும்பாலும் இங்கேதான். ஆழத்திலிருந்து கிட்டத்தட்ட செங்குத்தாக ஏறி வரும் குறுக்கலை (போகும் திசைக்குக் குறுக்கே மண்ணை அசைக்கும் அலை) தரையோடு ஓடுவதுபோலத் தெரியும் வேகம் நொடிக்கு 2 கிலோமீட்டருக்கும் மேல் இருக்கலாம். மேற்பரப்பு அலைகளின் இரு வகைகளான ராலே, லவ் அலைகள் மென்மண் படுகையில் நொடிக்குச் சில நூறு மீட்டரில் ஊர்கின்றன. மண்ணின் திரிபு, அதாவது தன் நீளத்தில் எத்தனை பங்கு இழுபடுகிறது என்பது, தோராயமாக மண் துகள் அசையும் வேகத்தை அலை ஓடும் வேகத்தால் வகுத்தால் வருவது. துகள் வேகம் நொடிக்கு அரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்: அலை 2,500 மீட்டர் வேகத்தில் போனால் 10 மீட்டர் நீளத்துக்கு 2 மில்லிமீட்டர் இழுவை, 250 மீட்டர் வேகத்தில் போனால் 20 மில்லிமீட்டர். மெதுவாகப் போகிற அலைதான் அதிகம் இழுக்கிறது! நீளமாக ஒரே துண்டாக வார்த்த பெட்டி இதற்கு விரிசல் விட்டுத்தான் பதில் சொல்லும், செக்மென்ட் சுரங்கம் நூற்றுக்கணக்கான மூட்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொள்ளும்.

"ஆழமாகப் போனால் மேற்பரப்பு அலை தொடாதே" என்பார்கள். பாதி உண்மை. ராலே அலை ஆழத்தில் தேய்வது அலைநீளத்தைப் பொறுத்தது. அலைநீளமே 250 மீட்டர் என்றால் 20 மீட்டர் ஆழமெல்லாம் ஆழமே இல்லை.

அப்புறம் குறுக்குவெட்டு. குறுக்கலை வரும்போது பெட்டியின் கூரை ஒரு பக்கமும் தளம் மறுபக்கமும் நகர்ந்து செவ்வகம் இணைகரம்போல் கோணும், வட்டமோ முட்டை வடிவத்துக்கு நசுங்கும். வட்டத்துக்கு மூலை இல்லை, அது பெரிய லாபம். பெட்டிக்கு என்ன ஆகும் என்பதை 1995 ஜனவரி 17 அன்று கோபேயின் டைகாய் மெட்ரோ நிலையம் காட்டியது. 1960களில் நிலநடுக்கத்தை மனதில் வைக்காமல் கட்டிய நிலையம் அது. நடுத்தூண்களில் குறுக்குக் கம்பி போதவில்லை, தூண்கள் நொறுங்கின, தலைக்கு மேல் இருந்த மண் பாரம் கூரையை அழுத்தியது, மேலே சாலை சுமார் இரண்டரை மீட்டர் அமிழ்ந்தது. தூணைத் தடியாக்கினால் சரியாகிவிடும் என்று தோன்றும், எனக்கும் ஆரம்பத்தில் தோன்றியது. ஆனால் தடித்த தூண் அதே நெளிவுக்கு இன்னும் அதிக விசையை இழுத்துக்கொள்ளும். வேண்டியது நெருக்கமான வளையக் கம்பியோ எஃகு உறையோ போட்ட தூண், கோணினாலும் பாரத்தை விடாத தூண்.

வட்டத்துக்கும் வீக்னஸ் உண்டு. மூட்டு அளவுக்கு மீறித் திறந்தால் தண்ணீர் வரும். பெரிய ஆபத்து, நெகிழும் சுரங்கம் விறைப்பான நிலையத்தில் போய் முட்டும் இடம்: இரண்டும் வேறு வேறு மாதிரி அசைகின்றன, நடுவில் மாட்டிக்கொள்வது இணைப்பு. சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவுக்கு அடியில் போகும் ரயில் குழாய் குடைந்த சுரங்கமல்ல, மிதக்கவிட்டு இறக்கிய குழாய், ஆனாலும் பாடம் இதேதான். அதன் இரு முனைகளிலும் நழுவிக் கொடுக்கும் சிறப்பு மூட்டு வைத்தார்கள். 1989 லோமா பிரியேட்டா நிலநடுக்கத்தில் மேலே பாலத்தின் ஒரு பகுதி விழுந்து ஒரு மாதம் மூடிக் கிடந்தது, கீழே ரயில் சீக்கிரமே ஓடத் தொடங்கியது.

நடுக்கத்தில் ஈர மண்ணே குழம்பாகும் இடத்தில் பெட்டியும் வட்டமும் ஒன்றுதான், உள்ளே காற்று நிறைந்த எதுவும் மிதக்கப் பார்க்கும். அங்கே முதலில் மண்ணைக் கெட்டிப்படுத்த வேண்டும்.

என்னைக் கேட்டால் மென்மண்ணில் நீண்ட பாதைக்கு செக்மென்ட் வட்டம்தான், யோசிக்கவே வேண்டாம். நிலையத்துக்கு நடைமுறையில் பெரும்பாலும் பெட்டிதான், அங்கே சுவர்த் தடிமனுக்குக் கொட்டும் காசில் ஒரு பங்கைத் தூண் கம்பிக்கும் சுரங்கத்தோடு சேரும் மூட்டுக்கும் திருப்பிவிடுவேன்.