ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் ஊசியா? பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

3,80,000 ரூபாய். ஒரு பைசா திரும்பாது என்று இன்று காலை போனில் சொல்லிவிட்டார்கள். இன்னொரு வீட்டு நகை அடகுக்குப் போவதற்குள் யாராவது படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் மகனுக்கு ஐந்து வயது. ஆட்டிசம், இன்னும் பேச்சு வரவில்லை. நாங்கள் போனது ஒரு தனியார் ஸ்டெம் செல் மையம், எங்கள் ஊரிலிருந்து ஒரு ராத்திரி ரயில் பயணம். முதல் நாளே டாக்டர் அவனைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். யாரிடமும் ஒட்டாத பிள்ளை, அவருடைய ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தான். "அடுத்த வருஷம் இந்நேரம் உங்களை அப்பான்னு கூப்பிடுவான் பாருங்க" என்றார். என் மனைவி அங்கேயே அழுதுவிட்டாள். அந்த வார்த்தையை நம்பித்தான் 3,80,000 ரூபாய் கட்டினோம். தாலியைத் தவிர எல்லா நகையும் போனது.

மயக்க மருந்து கொடுத்து, இடுப்பெலும்பில் மஜ்ஜை எடுத்து, அதிலிருந்து செல்லைப் பிரித்து முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள். மூன்று நாள் வாந்தி. தலையைப் பிடித்துக்கொண்டு அழுதான். எங்கே வலிக்கிறது என்று அவனால் சொல்லக்கூட முடியாது.

எட்டு மாதம் ஆகிறது. ஒரு சொல் வரவில்லை. மூன்றாம் மாதம் கேட்டால், "செல் வேலை செய்ய டைம் ஆகும்." ஆறாம் மாதம், "செகண்ட் டோஸ் போட்டாத்தான் ரிசல்ட்." அதன்பிறகு டாக்டர் லைனுக்கே வருவதில்லை. கவுன்சிலர் என்று ஒரு பெண்தான் எடுப்பார், "மீட்டிங்ல இருக்கார் சார்." வாட்ஸ்அப்பில் நீல டிக் விழும், பதில் வராது. போன வாரம் சத்தம் போட்டேன். "இது ஆராய்ச்சி நிலையில உள்ளதுன்னு ஃபார்ம்லயே இருக்கே சார், நீங்கதானே கையெழுத்து போட்டீங்க?" என்றார்.

அதற்கப்புறம்தான் ஐ.சி.எம்.ஆர். என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளைத் தேடிப் படித்தேன். முன்னாடியே படிக்காமல் விட்டேனே! ரத்த நோய்களுக்குச் செய்யும் மஜ்ஜை மாற்று போன்ற சிகிச்சையைத் தவிர, ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வில் மட்டும்தான் மனிதர்களுக்குச் செலுத்தலாம். நெறிமுறைக் குழு ஒப்புதல் வேண்டும், சி.டி.ஆர்.ஐ. என்ற மருத்துவ ஆய்வுகளுக்கான தேசியப் பதிவேட்டில் பதிவு வேண்டும், நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. ஆட்டிசத்துக்கு இதைச் சிகிச்சையாகக் கொடுக்கப் பரிந்துரைக்கவில்லை, விளம்பரப்படுத்துவது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022 டிசம்பரிலேயே சொல்லியிருக்கிறது.

இன்று காலை பதிவு எண்ணைக் கேட்டேன். "அது ஆராய்ச்சிக்குத்தான் சார், நாங்க கொடுத்தது ட்ரீட்மெண்ட்." போன வாரம் ஆராய்ச்சி, இந்த வாரம் ட்ரீட்மெண்ட்! எங்கள் 3,80,000 மட்டும் இரண்டுக்கும் அவர்கள் பையில்தான். மாதம் ஆறாயிரம் கட்டி வந்த ஸ்பீச் தெரபியை இதற்காக நிறுத்தினோம். இந்தப் பணத்தில் அதை ஐந்து வருடத்துக்கு மேல் நடத்தியிருக்கலாம்.

என்ன செய்யவேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், முடியவில்லை. பதிவு எண் கேளுங்கள். காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஃபார்மை வீட்டுக்குக் கொண்டுவந்து படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ரசீது, டிஸ்சார்ஜ் ஃபைல் எதையும் தொலைக்காதீர்கள். அவற்றை வைத்துத்தான் மருத்துவக் கவுன்சிலுக்கு நாளை புகார் எழுதப் போகிறேன். தெரபியை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.