பெரிய கம்பெனிக்குச் சலுகையா, நூறு நாள் வேலையா, உள்ளூர்த் தொழிலுக்குக் கைகொடுப்பதா?

ஒரு பகுதியில் வேலை இல்லை என்றால் அரசாங்கம் வழக்கமாக எடுக்கும் வழிகள் நாலுதான். சலுகை கொடுத்து வெளியிலிருந்து ஒரு பெரிய கம்பெனியைக் கூட்டிவரலாம், அரசே கூலி கொடுத்து ஆட்களை வேலைக்கு வைக்கலாம், பயிற்சி கொடுக்கலாம், இல்லையென்றால் ஏற்கெனவே அங்கே தொழில் நடத்துகிறவர்களை வளரவைக்கலாம். மேடையில் நாலையும் ஒரே மூச்சில் அறிவித்துவிடுவார்கள். ஆனால் கஜானா ஒன்றுதான், ஒன்றுக்கு அள்ளிக் கொடுத்தால் மற்றதற்குக் கை கட்டிவிடும். அதனால் ஒவ்வொன்றையும் பார்த்து இரண்டு கேள்வி கேட்கிறேன். இந்தப் பணம் இல்லாமலே அந்த வேலை வந்திருக்குமா? பணம் நின்றபிறகு அங்கே என்ன மிஞ்சும்?

முதலில் பெரிய கம்பெனி, ஏனென்றால் அதிகப் பணம் போவதும் அதிகம் ஏமாறுவதும் இங்கேதான். 2017-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் ஃபாக்ஸ்கான் என்ற தைவான் மின்னணுக் கம்பெனியோடு போட்ட ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மவுண்ட் பிளசன்ட் என்ற இடத்தில் எல்சிடி திரை ஆலை, 1,000 கோடி டாலர் முதலீடு, 13,000 வேலை என்று பேச்சு; பதிலுக்கு மாநிலம் தருவதாகச் சொன்னது சுமார் 300 கோடி டாலர். வகுத்துப் பார்த்தால் ஒரு வேலைக்கு 2 லட்சம் டாலருக்கு மேல். இதில் பலர் கவனிக்காத ஒரு சங்கதி உண்டு. அந்த மாநிலத்தில் உற்பத்தி நிறுவனங்கள் கட்டவேண்டிய மாநில வருமான வரி ஏற்கெனவே கிட்டத்தட்ட பூஜ்யம், ஆகவே ‘வரிச்சலுகை’ என்று பெயர் இருந்தாலும் பெரும்பாலும் அது கையில் காசாகக் கொடுக்க வேண்டிய தொகை. போட்ட பணம் மாநிலத்துக்குத் திரும்பி வர 2043 வரை ஆகும் என்று சட்டமன்றத்தின் நிதிப் பிரிவே கணக்குச் சொன்னது. கடைசியில் 2021-ல் ஒப்பந்தத்தைத் திருத்தி எழுதினார்கள்: 1,454 வேலை, 8 கோடி டாலர்.

மாநிலம் தப்பித்ததற்குக் காரணம், ஆள் எடுத்தால்தான் பணம் என்று ஒப்பந்தத்தில் நிபந்தனை இருந்தது. முதல் வருட இலக்கே எட்டாததால் கம்பெனிக்கு அந்த வருடம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் உள்ளாட்சிகள்? அவை ஆலை வரும் என்று நம்பி நிலம் வாங்கவும் சாலையும் தண்ணீர்க் குழாயும் போடவும் முன்னாலேயே கடன் வாங்கிச் செலவழித்துவிட்டன. அந்த இடத்தில் குடியிருந்தவர்கள் வீட்டைக் காலிசெய்துவிட்டுப் போயிருந்தார்கள்.

சரி, எல்லா ஒப்பந்தமும் இப்படியா என்றால் இல்லை. ஆனால் சலுகை கிடைத்ததால்தான் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தோம் என்ற நிலையில் இருக்கும் கம்பெனிகள் 100-க்கு 2 முதல் 25 வரைதான் என்பது இந்தத் துறையில் நெடுங்காலம் ஆய்வு செய்திருக்கும் பொருளியலாளர் டிமதி பார்ட்டிக்கின் மதிப்பீடு. மிச்சக் கம்பெனிகள் துறைமுகம், மின்சாரம், ஆள் கிடைப்பது என்று வேறு கணக்கில் எப்படியும் வந்திருக்கும். அவற்றுக்குக் கொடுத்தது வீண். சீனாவின் ஷென்ஜென் சலுகை கொடுத்துத்தானே பெரிய தொழில் நகரமானது என்று உடனே யாராவது கேட்பார்கள். 1980-ல் தொடங்கிய அந்தச் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கு வரிச்சலுகை மட்டும் இல்லை, பணமும் துறைமுகமும் உள்ள ஹாங்காங் பக்கத்திலேயே இருந்தது. வரிச்சலுகையை எந்த அரசும் நகலெடுத்துவிடும், ஹாங்காங்கை எங்கிருந்து கொண்டுவருவது?

இதற்கு நேர் எதிர்த் துருவம் வேலை உறுதி. இந்தியாவில் 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம்தான் இதில் பெரிய சோதனை. கிராமக் குடும்பம் ஒன்றுக்கு வருடத்தில் 100 நாள், கேட்ட 15 நாளுக்குள் வேலை, இல்லையென்றால் வேலையின்மைப் படி, செலவில் குறைந்தது 60 சதவீதம் கூலிக்கே போக வேண்டும் என்று எழுதினார்கள். மரத்தடியில் உட்கார்ந்துவிட்டுப் போகிறார்கள் என்ற கிண்டல் உங்களுக்கும் பழக்கமாக இருக்கும். சில இடங்களில் அது நிஜமும்கூட. மஸ்டர் ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் இருக்கும் பெயருக்கும் மண்வெட்டி பிடித்தவருக்கும் சம்பந்தமே இல்லாமல் இருந்ததும் நடந்திருக்கிறது. கூலி வர மாதக்கணக்கில் தாமதமானது இன்னும் பெரிய குறை, ஏனென்றால் அன்றாடம் காய்ச்சிகளுக்குக் கூலி தள்ளிப்போவதும் வேலை இல்லாததும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஆனால் கிண்டல் செய்கிறவர்கள் விட்டுவிடும் பகுதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆந்திராவில் பயோமெட்ரிக் அட்டை வழியாகக் கூலியை ஒழுங்காகக் கொண்டுசேர்த்த இடங்களில் பொருளியலாளர்கள் முரளிதரன், நீஹாஸ், சுக்தங்கர் மூவரும் நடத்திய ஆய்வில், ஏழைக் குடும்பங்களின் வருமானம் கூடியதில் பெரும்பங்கு இந்தத் திட்டத்தின் கூலியிலிருந்து வரவில்லை. வெளியே தனியாரிடம் கூலியும் வேலையும் கூடியதால் வந்தது. வேறு போக்கிடம் இருக்கிறது என்றால் தொழிலாளி பேரம் பேச முடிகிறது, அவ்வளவுதான். பண்ணை வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்ற புலம்பலையும் இதே வெளிச்சத்தில் பாருங்கள், பாதி நேரம் அதற்குப் பொருள் பழைய கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை என்பதுதான். ஆனாலும் என் இரண்டாவது கேள்விக்கு இந்த வழி தடுமாறுகிறது. கூலி நின்றால் வேலையும் நின்றுவிடும், நல்ல குளமோ தடுப்பணையோ கட்டியிருந்தால்தான் ஏதாவது மிஞ்சும்.

பயிற்சியைப் பற்றி நீட்டத் தேவையில்லை. வளரும் நாடுகளில் நடந்த தொழிற்பயிற்சிகளைத் தொகுத்துப் பார்த்த பொருளியலாளர் டேவிட் மெக்கன்சி, 100 பேருக்குப் பயிற்சி கொடுத்தால் அதனால் கூடுதலாக வேலை பெறுகிறவர்கள் ஏறக்குறைய 2 பேர் என்கிறார். வேலை கொடுப்பவர் இல்லாத இடத்தில் சான்றிதழை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆள் எடுக்கப்போகும் கம்பெனியே பாடத்திட்டத்தில் உட்கார்ந்தால் கதை வேறு.

அப்புறம் நாலாவது வழி. இதே மெக்கன்சி ஆராய்ந்த இன்னொரு திட்டம் நைஜீரியாவில் 2011-ல் தொடங்கியது. தொழில்திட்டப் போட்டி வைத்து, விண்ணப்பித்த 24,000 பேரில் 1,200 பேருக்குச் சராசரியாக 50,000 டாலர் கொடுத்தார்கள். வென்றவர்களில் ஒரு பகுதியைக் குலுக்கல் முறையில் எடுத்ததால் ஒப்பிட வசதியாகிவிட்டது. மூன்று வருடம் கழித்து, பணம் கிடைத்தவர்களின் நிறுவனத்தில் 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் வாய்ப்பு, கிடைக்காதவர்களைவிட 20 சதவீதப் புள்ளிக்கு மேல் கூடியிருந்தது. இதை விஸ்கான்சின் கணக்கோடு டாலருக்கு டாலர் ஒப்பிடக் கூடாது, இரு நாட்டுக் கூலியும் வேறு. ஆனால் கவனியுங்கள், இது எல்லாருக்கும் சின்னச் சின்னக் கடனாகத் தெளித்த பணம் இல்லை. வளரக்கூடியவர் என்று வடிகட்டி, மிஷின் வாங்கி ஆள் வைக்கும் அளவுக்குக் கொடுத்தது. எனக்கு இந்த நாலில் எது பிடிக்கும் என்று கேட்டால் தயங்காமல் இதைத்தான் சொல்வேன், யாருக்குக் கொடுப்பது என்ற தேர்வில் கட்சிக்காரர் கை நுழையாமல் இருந்தால்.

கையில் அப்படி ரொக்கம் இல்லாத நகராட்சிக்கும் ஒரு வழி உண்டு. இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரம் 70 கோடி பவுண்டு வணிக வளாகம் ஒன்றை நம்பிக் காத்திருந்து, 2011-ல் அது கைவிட்டுப் போன பிறகு, தன்னிடமும் காவல்துறை, கல்லூரி போன்ற உள்ளூர் அமைப்புகளிடமும் இருந்த கொள்முதல் செலவைத் திரும்பிப் பார்த்தது. 2012-13-ல் அந்தச் செலவில் 5 சதவீதம்தான் நகருக்குள் நின்றது, 2016-17-ல் 18 சதவீதமாகிவிட்டது. பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை, ஒரே டெண்டராக இருந்த பள்ளி உணவுக் கொள்முதலைத் தயிர், முட்டை, சீஸ் என்று தனித்தனியாகப் பிரித்ததில் அந்த வட்டாரப் பண்ணைக்காரர்களும் விலைப்புள்ளி கொடுக்க முடிந்தது. அக்கம்பக்கத்து ஊர்கள் எல்லாம் இதையே செய்தால் ஒருவர் வாங்கியது இன்னொருவர் இழந்ததாகிவிடும் என்ற ஆட்சேபத்துக்கு முழுப் பதில் என்னிடம் இல்லை.

அதைவிடப் பெரிய சிக்கல், டெண்டரை எத்தனை துண்டாகப் பிரித்தாலும் போட ஆளே இல்லாத பகுதிகள். ஆலை மூடி, இளைஞர்கள் வெளியேறி, மிச்சமிருப்பவர்கள் கையில் செலவழிக்கக் காசு இல்லாத இடம் என்று வையுங்கள். அங்கே தொழில்திட்டப் போட்டி வைத்தாலும் யார் வாங்குவதற்காக யார் தொழில் தொடங்குவார்? அங்கே முதலில் வேண்டியது கூலி வேலைதான், அதுவும் சரியான தேதியில் கையில் வரும் கூலி. பெட்டிக்கடைக்காரருக்கு வியாபாரம் சூடுபிடித்தபிறகு நாலாவது வழியைப் பற்றிப் பேசலாம்.