'மாற்றம் இல்லை' என்ற ரிப்போர்ட்டை எவ்வளவு நம்பலாம்? திசு, ரத்தம், டிஎன்ஏ, ஆர்என்ஏ: ஓர் ஒப்பீடு

நான்காம் நிலை நுரையீரல் அடினோகார்சினோமா (பரவிவிட்ட ஒரு வகை நுரையீரல் புற்று) என்று உறுதியானதும், முதல் மருந்தை ஏற்றுவதற்கு முன் கட்டியில் மரபணு மாற்றம் பார்த்தாக வேண்டும். ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே, ஆர்ஓஎஸ்1, ரெட், பிராஃப், மெட், என்டிஆர்கே, ஹெர்2, கேராஸ் ஜி12சி என்று இலக்கு மருந்து (அந்த மாற்றத்தையே குறிவைக்கும் மருந்து) உள்ள மரபணு மாற்றங்கள் பெருகிவிட்டன. 'இருக்கிறது' என்று வரும் ரிப்போர்ட்டில் பெரிய சிக்கல் இல்லை. 'இல்லை' என்று வருவதைத்தான் எந்த முறையில் பார்த்தது என்று கேட்டு வாசிக்க வேண்டும்.

திசு இன்றும் முதலிடத்தில் இருக்கிறது. ஆனால் ஊசி பயாப்சியில் கிடைப்பது தீக்குச்சியைவிட மெல்லிய நாலைந்து இழைகள். அவற்றை ஃபார்மலினில் ஊறவைத்து, பாரஃபின் மெழுகில் பதித்து (இதுதான் 'பிளாக்'), சுமார் 4 மைக்ரான் தடிமனில் சீவுவார்கள். எந்த வகைப் புற்று என்று அறிய ஒரு நாள் சீவுவார்கள், பிடி-எல்1 (உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் இம்யூனோதெரபி பலன் தருமா என்று கணிக்க உதவும் புரதம்) பார்க்க இன்னொரு நாள். பிளாக்கை மைக்ரோடோமில் (சீவும் கருவியில்) மறுபடி பூட்டும் ஒவ்வொரு முறையும், முகப்பு சமனாகும்வரை சீவிக் கழிப்பதில் கொஞ்சம் திசு வீணாகிறது. மரபணுப் பரிசோதனைக்கு முறை வரும்போது பிளாக்கில் மெழுகுதான் மிஞ்சியிருக்கும். அதனால் முதல் தடவை சீவும்போதே 10 முதல் 15 சாயமிடாத ஸ்லைடுகளைத் தனியாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பல நாள் தாமதத்தைத் தவிர்க்கும் எளிய வழி இதுதான்.

திசு கெடுவதற்கு வேறு வழிகளும் உண்டு. ஃபார்மலினில் 6 மணி நேரத்துக்குக் குறைவாகவோ 72 மணி நேரத்துக்கு மேலோ இருந்தால் டிஎன்ஏ பாழாகும். எலும்பிலிருந்து எடுத்த துண்டை வலுவான அமிலத்தில் மென்மையாக்கினாலும் அதே கதி. ஈடிடிஏ கரைசலில் மென்மையாக்கினால் பிழைக்கும். அடுத்தது புற்றுச்செல் விகிதம். நூறு செல்லில் 20 மட்டுமே புற்று என்றால், மாற்றம் பெரும்பாலும் இரண்டு பிரதிகளில் ஒன்றில்தான் இருக்கும் என்பதால் சிக்னல் 10 சதவீதமாகச் சுருங்கிவிடும். பல லேப்கள் 20 சதவீதத்தைக் குறைந்தபட்ச எல்லையாக வைத்திருப்பதன் காரணம் இதுதான். நெஞ்சில் நீர் கோத்து எடுத்திருந்தால் அதைக் கொட்டிவிட வேண்டாம். அதிலுள்ள செல்களைத் திரட்டி மெழுகில் பதித்து செல் பிளாக் செய்தால் அதுவும் திசுவுக்குச் சமம்.

கட்டி ரத்தத்தில் கசியவிடும் டிஎன்ஏ-வைத் தேடும் ரத்தப் பரிசோதனையில், அதாவது லிக்விட் பயாப்சியில், கட்டியில் ஊசி குத்தும் சிரமமும் பிளாக் தீரும் கவலையும் இல்லை. ரிப்போர்ட்டும் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் வந்துவிடும். 10 மில்லி குழாய் இரண்டு போதும். குழாய் எது என்பதில்தான் தவறு நடக்கிறது. செல்லை உடையாமல் காக்கும் சிறப்புக் குழாயில் எடுத்து, குலுக்காமல் எட்டுப் பத்து முறை மெல்லக் கவிழ்த்து, அறை வெப்பத்திலேயே அனுப்ப வேண்டும். ஃபிரீசரில் வைக்கக் கூடாது. சாதாரண ஈடிடிஏ குழாய் என்றால் சில மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்தாக வேண்டும். தாமதித்தால் வெள்ளணுக்கள் உடைந்து, அவற்றின் டிஎன்ஏ வெள்ளத்தில் புற்றின் துளி டிஎன்ஏ மூழ்கிப்போகும். ஹெபரின் குழாய் கூடவே கூடாது. அது டிஎன்ஏ-வைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் வினையையே தடுத்துவிடும்.

எல்லாம் சரியாகச் செய்தாலும், திசுவில் தெரியும் மாற்றங்களில் பத்தில் மூன்றை ரத்தம் தவறவிடலாம். நோய் மூளையில் மட்டும் அல்லது நெஞ்சுக்குள் மட்டும் இருந்தால் ரத்தத்தில் கசியும் டிஎன்ஏ இன்னும் குறைவு. மருந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது எடுத்த ரத்தத்திலும் ஒன்றும் தெரியாமல் போகலாம். ரத்தத்தில் எல்858ஆர் (ஈஜிஎஃப்ஆர் மாற்றங்களில் ஒன்று) தெரிந்தால் மருந்தைத் தொடங்கலாம். ஒன்றும் தெரியாவிட்டால் திசுவுக்குப் போக வேண்டும். டிஎன்எம்டி3ஏ, டெட்2 போன்ற பெயர்கள் மட்டும் வந்தால் மிரள வேண்டாம். வயதானவர்களின் ரத்த அணுக்களிலேயே இவை தோன்றுவதுண்டு, பெரும்பாலும் கட்டியிலிருந்து வந்தவை அல்ல. துண்டு சிறியது, அல்லது நோயாளி தளர்ந்திருக்கிறார் என்றால் திசு, ரத்தம் இரண்டையும் ஒரே நாளில் அனுப்புவதே எங்கள் தேர்வு.

ஒவ்வொரு மரபணுவாகப் பார்ப்பதா, பல மரபணுக்களை ஒரே சமயத்தில் வாசிக்கும் என்ஜிஎஸ் பேனலா? ஈஜிஎஃப்ஆர் பிசிஆர் சில நாளில் முடியும், ஆனால் தேடச் சொன்னதை மட்டுமே தேடும். எக்ஸான் 20 செருகல்களில் (ஈஜிஎஃப்ஆரின் 20-ஆம் பகுதியில் கூடுதல் எழுத்துகள் நுழைவது) கணிசமானவை அதன் கண்ணில் படாது. ஏஎல்கே-வுக்கு டி5எஃப்3 சாயம் (ஸ்லைடில் ஏஎல்கே புரதத்தைக் காட்டுவது) தெளிவாக ஏறினால் அதை வைத்தே மருந்து தொடங்கலாம். ஆர்ஓஎஸ்1 சாயம் வெறும் சல்லடை. வேறு முறையில் உறுதிசெய்ய வேண்டும். திசு கொஞ்சமாக இருந்தால் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தீர்ப்பதைவிட நேரே பேனலுக்குப் போவது மேல், இரண்டு மூன்று வாரம் ஆனாலும்.

பேனலிலும் டிஎன்ஏ மட்டுமா, ஆர்என்ஏ-வும் உண்டா என்று பாருங்கள். ஏஎல்கே, ஆர்ஓஎஸ்1 போன்றவற்றில் இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் நீண்ட இன்ட்ரான்களுக்குள் (புரதக் குறிப்பு இல்லாத டிஎன்ஏ பகுதிகள்) இருப்பதால் டிஎன்ஏ முறை அதைத் தாண்டிப் போய்விடலாம். ஒட்டிய பிறகு படியெடுத்த ஆர்என்ஏ-வில் அது நேரடியாகத் தெரியும். மெட் மரபணுவின் ஒரு பகுதியான எக்ஸான் 14 விடுபடுவதும் அப்படியே. புகைக்காதவருக்கு டிஎன்ஏ பேனல் காலியாக வந்தால் ஆர்என்ஏ பார்க்காமல் விடக் கூடாது. பழைய பிளாக்கில் ஆர்என்ஏ சிதைந்திருக்கும் என்பது இதன் குறை.

காத்திருக்கும் நாட்களில் இன்னொரு கண்ணி இருக்கிறது. பிடி-எல்1 ரிப்போர்ட் முந்தி வந்துவிடும். 50 சதவீதத்துக்கு மேல் என்றால் உடனே இம்யூனோதெரபி ஏற்றிவிடத் தோன்றும். பிறகு ஈஜிஎஃப்ஆர் மாற்றம் தெரிந்து அதற்கான ஓசிமெர்டினிப் மாத்திரையைத் தொடங்கினால் நுரையீரல் அழற்சி கடுமையாக வரும் அபாயம் கூடுகிறது, அதிலும் முதல் மூன்று மாதத்துக்குள். மூச்சுத் திணறலால் பொறுக்க முடியாத நிலை என்றால் முதல் சுற்றில் கீமோ மட்டும் கொடுத்துக் காத்திருக்கலாம்.

மாத்திரை எடுக்கும்போதே நோய் மீண்டும் வளர்ந்தால் கணக்கு மாறுகிறது. ஜெஃபிடினிப், எர்லோடினிப் என்ற பழைய ஈஜிஎஃப்ஆர் மாத்திரைகளை எடுத்தவர்களில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு டி790எம் (அந்த மருந்துகளை எதிர்க்கும் மாற்றம்) வரும்; அதை ரத்தத்தில் முதலில் தேடுவது நியாயம். ஓசிமெர்டினிப்புக்குப் பிறகு என்றால் ரத்தம் மட்டும் போதாது. மெட் பெருக்கம் (மெட் மரபணுவின் பிரதிகள் கூடுவது) ரத்தத்தில் நழுவலாம். கட்டி சிறுசெல் புற்றாக உருமாறியிருந்தால் அதை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் உறுதிசெய்ய முடியும். அதற்கு, வளரும் கட்டியிலிருந்து மறுபடி ஊசி போட்டே ஆக வேண்டும்.