பறவைக் கூட்டின் படங்களைப் புத்தகமாக்க 'பேக்கேஜ்' பணம் கட்டும் முன்

தோட்டத்தில் கொண்டைக்குருவி கட்டிய கூட்டைப் படமெடுத்து, குழந்தைகளுக்கான படப் புத்தகமாக்க ஒரு சுயவெளியீட்டு நிறுவனத்திடம் முழுப் பணமும் முன்கூட்டியே கட்டினோம். வடிவமைப்பு, ஐஎஸ்பிஎன் (புத்தகத்துக்கான அடையாள எண்), அச்சு எல்லாம் அவர்கள் பொறுப்பு. வந்த புத்தகம் குழந்தைகள் கையில் கொடுக்கும்படி இல்லை. பெயர் இங்கே வேண்டாம்; எங்கெங்கே ஏமாற்றுகிறார்கள் என்பது தெரிந்தால் போதும்.

முதல் அடி பக்க எண்ணிக்கையில். கொடுத்தது 30 பக்கம். தாளை மடித்து நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கங்கள் 4-ஆல் வகுபட வேண்டும். இதைச் சொல்லாமலே முன்னால் ஒன்று, கடைசியில் ஒன்று என வெற்றுப் பக்கம் செருகி 32 ஆக்கிவிட்டார்கள். முன்னால் ஒரே பக்கம் நுழைந்தாலும் அதன்பின் இடப்பக்கமெல்லாம் வலப்பக்கமாகிவிடும். தாய்ப்பறவை புழுவோடு வந்திறங்குவது 2, குஞ்சுகள் வாயைப் பிளப்பது 3 என்று எதிரெதிரே வைத்திருந்தோம். இப்போது இரண்டும் ஒரே தாளின் முன்னும் பின்னும். படப் புத்தகத்துக்கு இதைவிடப் பெரிய சேதம் இல்லை. சாதாரணத் தாள்களை மடித்து, பக்க எண் எழுதி, ஒரு மாதிரிப் புத்தகம் செய்து அவர்களிடம் கொடுங்கள். அதன்படி அச்சிட்ட ஒரு பிரதியைக் கையில் வாங்கிப் புரட்டாமல் ஒப்புதல் தராதீர்கள். திரையில் காட்டும் பிடிஎஃப்பில் இந்தப் பிழை கண்ணில் படாது.

அடுத்தது படத்தின் தரம். 8.5 அங்குலச் சதுரப் புத்தகத்தில் இரட்டைப் பக்கப் படம் 17 அங்குலம். ஓரம் வெட்ட இரு பக்கமும் 0.125 சேர்த்தால் 17.25. அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் 5,175 பிக்சல் வேண்டும். 24 மெகாபிக்சல் கேமராவின் 6,000 பிக்சல் படம் தாராளமாகப் போதும். ஆனால் படங்களை வாட்ஸ்அப்பில் வாங்கினார்கள். போய்ச் சேர்ந்தது 1,600 பிக்சல், அதாவது அங்குலத்துக்கு 93 புள்ளிகூட இல்லை. '300 ஆக்கிவிட்டோம்' என்றார்கள். மென்பொருளில் எண் மாறும்; படத்தில் தொலைந்த கூட்டின் நார் இழை திரும்பி வராது. கூடு மொத்தமும் களிமண் பூசியதுபோல் ஆகிவிட்டது. மூலக் கோப்புகளை டிரைவ் இணைப்பாக மட்டும் அனுப்புங்கள்.

காகிதத்தையும் எடைபோட்டுப் பாருங்கள். சொன்னது 170 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 170 கிராம்) ஆர்ட் பேப்பர், அதாவது பூச்சுள்ள தாள். இந்த அளவில் 32 பக்கம், அதாவது 16 இதழ், அட்டை நீங்கலாக ஏறக்குறைய 127 கிராம் இருக்க வேண்டும். சமையலறைத் தராசில் வந்தது 75. அது 100 ஜிஎஸ்எம் தாள், அதுவும் பூச்சில்லாதது. மை ஊறிக் கூட்டின் உட்புற நிழலெல்லாம் கறுத்து அடைத்துக்கொண்டது. இலைப்பச்சை, நான்கு மைகளால் அச்சிடும் சிஎம்ஒய்கே முறையில் எப்படியும் கொஞ்சம் மங்கும். இந்தத் தாளில் செத்தே போனது.

மன்னிக்க முடியாதது இன்னொன்று. முட்டைப் படம் வேண்டுமென்றே சேர்க்கவில்லை. அடைகாக்கும்போது நெருங்கினால் பறவை கூட்டைக் கைவிடக்கூடும். அந்த இடத்தில் எங்கிருந்தோ எடுத்த புள்ளியில்லாத நீல முட்டைகளை ஒட்டிவிட்டார்கள். கொண்டைக்குருவியின் முட்டை இளஞ்சிவப்பு, மேலே செந்நிறப் புள்ளிகள். நம்பிப் படிக்கும் குழந்தைக்குப் பொய் சொல்லிக்கொடுத்தாயிற்று.

ஐஎஸ்பிஎன் அவர்கள் பெயரில் இருந்தால் பதிவேட்டில் பதிப்பாளர் அவர்கள்தான். வேறு இடத்தில் நீங்களே வெளியிட வேண்டுமானால் புது எண் வாங்க வேண்டும். 'பிரத்யேக உரிமை' (அவர்கள் மட்டுமே வெளியிடலாம் என்பது) என்ற சொல் ஒப்பந்தத்தில் இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். வடிவமைப்புக் கோப்பும் அச்சுக்குப் போன பிடிஎஃப்பும் உங்களுக்கே என்று எழுத்தில் வாங்குங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லை. கேட்டதற்குத் தர மறுத்துவிட்டார்கள். 32 பக்கத்தையும் முதலிலிருந்து அடுக்கிக்கொண்டிருக்கிறோம்.