கர்சர் கூடவே வர வேண்டுமா, விட்ட இடத்திலேயே நிற்க வேண்டுமா?

நீளமான ஒரு நிரல் கோப்பில் 400ஆவது வரியில் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். மேலே 50ஆவது வரியில் ஒரு மாறிக்கு (variable) என்ன பெயர் வைத்தோம் என்று பார்க்க வேண்டும். மவுஸ் சக்கரத்தை உருட்டி மேலே போகிறீர்கள். இப்போது கர்சர் எங்கே இருக்கிறது?

நோட்பேட், வேர்ட், நிரல் எழுதும் எடிட்டரான விஎஸ் கோட் எல்லாவற்றிலும் அது 400ஆவது வரியிலேயே நிற்கும். பெயரைப் பார்த்துவிட்டு ஓர் எழுத்தைத் தட்டினால் திரை தானாக அங்கே திரும்பிவிடும். தடித்த புத்தகத்தில் படித்த பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு பொருளடக்கத்தைப் புரட்டிப் பார்ப்போமே, அதே வசதி.

நிரலாளர்கள் பயன்படுத்தும் விம், ஈமாக்ஸ் என்ற இரண்டு எடிட்டர்களிலும் கர்சர் திரைக்கு வெளியே நிற்கவே முடியாது. விம்மில் கன்ட்ரோல்-இ தட்டத் தட்ட, திரை ஒவ்வொரு வரியாக நகரும். கர்சர் மேல் விளிம்பைத் தொட்டதும், கயிற்றில் கட்டிய கன்று மாதிரி இழுபட்டு வரும். கன்ட்ரோல்-டி அரைத்திரை இறக்கும், கர்சரையும் சேர்த்து.

இதனால் என்ன லாபம்? கண் எங்கேயோ கை அங்கே. இதன் அருமை ஒரு சர்வர் அமைப்புக் கோப்பைத் திருத்தும்போதுதான் எனக்குப் புரிந்தது. கர்சர் பின்தங்கும் ஓர் எடிட்டரில் கீழே உருட்டிப் போய், வேண்டாத வரியைப் பார்த்ததும் வரியை அழிக்கும் விசையைத் தட்டினேன். திரை ஒரு குதி குதித்தது. அழிந்தது பல பக்கம் மேலே இருந்த வேறொரு வரி. உடனே மீட்டுவிட்டேன், ஆனாலும் நெஞ்சு படபடத்தது. விம்மில் இந்தத் தப்பு நடக்க வழியே இல்லை.

ஆனால் விம்மில் விட்ட இடத்துக்குத் திரும்புவது உங்கள் பொறுப்பு. பலரும் கன்ட்ரோல்-ஓ திருப்பிக் கொண்டுவரும் என்று நம்புகிறார்கள். அது தேடல், கோப்பின் கடைசிக்குப் போவது போன்ற தாவல்களை மட்டுமே நினைவில் வைக்கும். கன்ட்ரோல்-டி அந்தக் கணக்கில் சேராது. கிளம்பும் முன் 'எம்ஏ' (ma) என்று குறி வைக்க வேண்டும். அல்லது 'ஜிஐ' (gi) தட்டினால், கடைசியாக எழுதி நிறுத்திய இடத்துக்கே போய் எழுதும் நிலைக்கும் வந்துவிடும். இந்த ஒரு கட்டளை தெரிந்த பிறகு விம் மீது எனக்கிருந்த பாதிக் குறை போய்விட்டது.

ஈமாக்ஸில் இன்னொரு தொல்லை: கர்சர் விளிம்பைத் தாண்டினால், அந்த வரி நடுவுக்கு வரும்படி திரை சட்டென்று மாறும், படித்துக்கொண்டிருந்த கண் தடுமாறும். ஸ்க்ரோல்-கன்சர்வேட்டிவ்லி அமைப்பை 101 ஆக்கினால் நின்றுவிடும்.

கர்சர் கூடவே வருவதா, விட்ட இடத்திலேயே நிற்பதா என்பதைப் பயனரே முடிவு செய்ய ஒரு விசை இருந்தது. 1981இல் வந்த ஐபிஎம் பிசியின் கீபோர்டிலேயே ஸ்க்ரோல் லாக் உண்டு. அதை அழுத்தினால் அம்புக்குறி விசைகள் கர்சரை விட்டுவிட்டுத் திரையை நகர்த்த வேண்டும் என்பதுதான் எண்ணம். எக்செல் இன்றும் அதை மதிக்கிறது. எடிட்டர்கள் பெரும்பாலும் கைவிட்டுவிட்டன. எனக்கு இது உண்மையிலேயே வருத்தம். மேக்கில் பேஜ் டவுன் பார்வையை மட்டும் நகர்த்தும், விண்டோஸில் கர்சரையும் கொண்டுபோகும். ஒன்றில் பழகிய கை மற்றதில் திணறத்தான் செய்யும்.

சரி, நான் எதைப் பயன்படுத்துகிறேன்? கட்டுரை எழுத, கர்சர் விட்ட இடத்திலேயே நிற்கும் எடிட்டர்தான். அங்கே பாதியில் விட்ட வாக்கியத்தைவிடப் பெரிய சொத்து இல்லை. அடுத்தவர் எழுதிய நிரலில் பத்து இடத்தில் திருத்த வேண்டுமென்றால் விம், ஸ்க்ரோல்ஆஃப் 5 என்ற அமைப்போடு: கர்சருக்கு மேலும் கீழும் ஐந்து வரிகள் எப்போதும் கண்ணில் படும். விஎஸ் கோடிலேயே இருப்பவர்கள் விண்டோஸில் கன்ட்ரோலோடு மேல், கீழ் அம்புக்குறியைப் பழகிக்கொள்ளுங்கள். கர்சர் அசையாமல் திரை மட்டும் நகரும், மவுஸுக்குக் கை போகாது.